மங்களம் பாடாத ஆட்டம்

புகார் நகரத்தைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை சொல்லும் காரணம் விசித்திரமானது. படையெடுப்பு இல்லை, பஞ்சம் இல்லை, அரசன் கொடுங்கோலனும் இல்லை. மகனைப் பறிகொடுத்த துயரத்தில் சோழன் அந்த ஆண்டு இந்திரவிழா எடுக்க மறந்துவிட்டான். அவ்வளவுதான், ஊர் போயிற்று. இருபத்தெட்டு நாள் நடக்கும் விழா அது. யானைப் பிடரியில் முரசை ஏற்றி அறைபவன், வாழையும் கரும்பும் நடுங்கள், தெருவில் புதுமணல் பரப்புங்கள் என்று சொல்லிவிட்டு, இந்த நாட்களில் பகையும் பூசலும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறான். கொண்டாட்டத்தை ஊரின் கடமையாக வைத்திருந்தவர்களின் குரல் இது.

அதே விழாவின் இன்னொரு முகம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. விழா முடிந்து கடலாடப் போன இடத்தில் கோவலனும் மாதவியும் யாழை மாற்றி மாற்றி வாசித்துப் பாடுகிறார்கள். பாட்டுக்குள் இருக்கும் பெண்ணும் ஆணும் யார் என்ற சந்தேகத்தில் கோவலன் எழுந்து போய்விடுகிறான். மதுரை எரியும் வரை கதை அங்கிருந்துதான் ஓடுகிறது. விழா எடுக்காததால் ஒரு நகரம் கடலுக்குப் போகிறது. விழா முடிந்த கடற்கரையில் மூண்ட பிணக்கு கடைசியில் இன்னொரு நகரத்தைக் கொளுத்துகிறது. இரட்டைக் காப்பியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கேளிக்கை பற்றி நாம் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கும் சண்டையின் இரு கட்சிகளும் அதிலேயே இருக்கின்றன.

அந்தச் சண்டை பெரும்பாலும் 'வேண்டுமா, வேண்டாமா' என்றே நடக்கிறது. 'எது நல்ல பொழுதுபோக்கு, எது கெட்டது' என்று பட்டியல் போடுவது அதன் அடுத்த கட்டம். எனக்கு இரண்டிலும் ருசி இல்லை. ஒரு கேளிக்கையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றுகிற கேள்விகள் வேறு: இது எப்போது முடியும்? முடித்துவைப்பவர் யார்? இது நடக்கும் நேரம் யாருடையது?

சொற்களிலிருந்து தொடங்கலாம். பொழுது என்றால் நேரம், சூரியனும்கூட. கிராமத்தில் 'பொழுது சாஞ்சிடுச்சு' என்பார்கள். பொழுது தானாகவே போகும். அதைப் போக்க ஒரு சாதனம் வேண்டும் என்று எப்போது தோன்றியதோ அப்போது பொழுதுபோக்கு பிறந்திருக்கிறது. கேளிக்கை என்ற சொல்லோ வீட்டுப் பேச்சில் கிட்டத்தட்ட இறந்துவிட்டது. அது நன்றாக உயிரோடு இருப்பது அரசாணைகளில்தான்; கேளிக்கை வரி என்று. சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1939-இல் வந்தது. சிரிப்புக்கு வரி போட்ட கணக்குப்பிள்ளை ஒரு நல்ல சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். 2006-இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு வரிவிலக்கு என்றதும் எத்தனையோ தயாரிப்பாளர்களுக்குத் தமிழ்ப்பற்று வந்தது தனிக் கதை. மூன்றாவது சொல் 'சும்மா'. வேலையில்லாத பிள்ளையைத் திட்டவும் இதே சொல், ஞானிகள் தேடிய நிலைக்கும் இதே சொல். தாயுமானவர் எட்ட முடியாமல் ஏங்கிய 'சும்மா இருத்தலை' எங்கள் தெருத் திண்ணையில் நாலு பேர் எந்தச் சிரமமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் ஞானி என்று சொல்லவில்லை.

பழைய கேளிக்கைகளை நினைக்கும்போது அவற்றின் பெருமையைவிட அவற்றின் விளிம்புகள்தான் எனக்கு முதலில் கண்ணில் படுகின்றன. வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் பங்குனி தொடங்கி, ஆடிப்பட்டத்துக்கு விதை தேடும் காலம் வரைதான் அதற்குப் பருவம். கொடியேற்றி, காப்புக் கட்டிய பிறகு ஊரை விட்டுப் போகக்கூடாது. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம், பாஞ்சாலி கூந்தல் முடிதல், மாலையில் தீமிதி. பிறகு கொடியிறக்கம். ஒவ்வோர் இரவுக்கும் இப்படி ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. கட்டியங்காரன் வந்து கலகலப்பாக்கித் தொடங்கிவைப்பான். கிழக்கு வெளுக்கும்போது மங்களம் பாடி முடித்துவிடுவார்கள். முகவீணைக்காரருக்கு மூச்சு தீர்ந்திருக்கும், பார்த்தவர்களுக்குக் கண் எரியும். மனிதர்கள் நிகழ்த்துவதை மனிதர்கள் பார்த்தால், இரு தரப்பிலும் உடம்பு ஓர் எல்லை போடும்.

இரவு முழுக்கக் கண்விழிப்பது உடம்புக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அதற்கும் நாள் குறித்தார்கள். வைகுண்ட ஏகாதசி அன்று விடிய விடியப் பரமபதம் ஆடலாம், பாம்பு கடித்து இறங்கலாம். மறுநாள் ஆட முடியாது. வெளியே சுற்றவென்றே காணும் பொங்கல், ஆற்றங்கரையில் சித்திரான்னம் தின்னவென்றே ஆடிப்பெருக்கு. பாறையிலும் கோயில் தரையிலும் கீறிவைத்த ஆடுபுலி ஆட்டக் கட்டங்களை இன்றும் பார்க்கலாம். காத்திருந்தவர்கள் கீறியவை அவை. நடை திறந்ததும் புலி பாதியில் நின்றுவிடும்.

சினிமா வந்தபோதும் இந்த விளிம்பு உடனே உடைந்துவிடவில்லை. ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிக்கு வந்து நோய்ப்பட்ட டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, 1905-இல் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். அந்த வழியில் வந்த டூரிங் டாக்கீஸ் என் தலைமுறைக்கும் கொஞ்சம் கிடைத்தது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். தரை, பெஞ்சு, நாற்காலி. தரையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தால் அது சிம்மாசனம், பின்னால் இருப்பவருக்கு மட்டும் கோபம். ஒரே படக்கருவி என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கு விற்பவர் சந்தோஷப்படுவார். இரண்டாம் ஆட்டம் முடிந்ததும் மாட்டு வண்டி பூட்டுவார்கள். திரையில் 'சுபம்' என்று போட்ட பிறகு உட்கார்ந்திருக்க அங்கே எதுவும் இல்லை. படம் பார்த்த நேரத்தைவிட, பார்த்த கதையைச் சொல்லித் தீர்த்த நேரம் அதிகம். கேளிக்கை நல்லதா என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேச ஏதாவது மிஞ்சியதா?

பண்டிகையும் அறுவடையும் ஓய்வைப் பங்குபோட்ட காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. கூத்து நடக்கும் தெருவில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. திண்ணை எல்லா வீட்டிலும் இருக்கவில்லை, இருந்த திண்ணையில் எல்லோரும் உட்காரவும் முடியவில்லை. பண்ணையில் வேலை செய்தவருக்குப் பொழுது என்பது ஆண்டையின் சொத்து. ஓய்வு ஓர் உரிமை என்று சட்டத்தில் ஏறியது ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய பிறகு, அதுவும் சண்டை போட்டு.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வாரவிடுமுறை கேட்டு, 1890-இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார். அடுத்த ஆண்டுச் சட்டத்தில் வாரவிடுமுறை இடம்பெற்றது. வாரத்துக்கு 60 மணி என்று 1922-இல், 54 என்று 1934-இல், 48 என்று 1946-இல். நாம் 'ஞாயிற்றுக்கிழமை' என்று அலட்சியமாகச் சொல்லும் அந்த நாள் இப்படி மணி மணியாகப் பிடுங்கி எடுத்தது.

சென்னையில் இந்தக் கதையின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது சோற்று நேரத்தைப் பற்றியது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல், பிறகு தங்களுக்குச் சங்கம் அமைத்துத் தந்த பி.பி. வாடியாவிடம் கொண்டுபோன குறைகளில் முன்னால் நின்றது மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. கை கழுவி, தூக்குவாளியைத் திறந்து, தின்று, திரும்புவதற்குள் சங்கு ஊதிவிடும். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் வாடியாவோடு திரு.வி.க.வும் இருந்தார். ஐந்து ஆண்டு கழித்து, 1923 மே முதல் நாள், உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் தனக்கு என்று உலகத் தொழிலாளர் இயக்கம் கேட்ட கணக்கு அது. மூன்றாவது எட்டை எப்படிச் செலவழிப்பாய் என்று அதில் யாரும் கேட்கவில்லை. அது சரியும்கூட. தனக்குக் கிடைத்த நேரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் அது இன்னொரு முதலாளியிடம் வேலை.

இந்தக் கணக்கு முடிந்துபோன வரலாறு இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்றார்கள். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். மூன்று நாள் விடுப்பு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்ற உடம்புக்கு முதல் விடுப்பு நாள் தூக்கத்திலேயே போய்விடும். அது ஓய்வா, பழுதுபார்ப்பா?

வேலை இல்லாத நேரமெல்லாம் ஓய்வு ஆகிவிடாது என்பதற்குக் கிழக்குக் கரைக்குப் போய்ப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. மீன் இனப்பெருக்கக் காலம். வலை பின்னுகிறார்கள், படகுக்கு வண்ணம் பூசுகிறார்கள், சீட்டாடுகிறார்கள். அரசு தரும் நிவாரணத் தொகையை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவை நினைத்தபடி ஆடும் சீட்டில் எவ்வளவு கேளிக்கை இருக்கும்? ஓய்வுக்குப் பின்னால் அடுத்த வேளைச் சோறு உறுதியாக நிற்க வேண்டும். பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸ் 1930-இல், இன்னும் நூறு ஆண்டில் மனிதன் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும், மீதி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் அவன் கவலையாக இருக்கும் என்று எழுதினார். அந்த நூறு ஆண்டு முடிய அதிகக் காலம் இல்லை. உற்பத்தி பெருகும் என்றவர் சொன்னது பலித்தது. பெருகியது யார் கைக்குப் போகும் என்பதில் அவருடைய கணக்கு தவறிவிட்டது.

அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை ஆண்கள்தான் வென்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் நிற்கும் வரிசை ஆண்களின் விடுமுறை தொடங்கிவிட்டதற்கு அடையாளம். அதே வரிசை, வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அன்று வேலை இரட்டிப்பு என்பதற்கும் அடையாளம். 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதத்தினர் ஊதியமில்லா வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். செய்தவர்களுக்குள்ளும் பெண் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். வருத்தம் என்னவென்றால், இந்த எண்களைப் பார்த்து எந்த வீட்டிலும் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

என் பாட்டி பல்லாங்குழி ஆடியது பிற்பகல் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில். சமையல் ஏறக்கட்டியாயிற்று, மாடு இன்னும் திரும்பவில்லை. பதினாலு குழி, கை நிறையச் சோழி, எதிரில் பக்கத்து வீட்டு அத்தை. குழியில் நாலு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளும்போது அவர் முகத்தில் வந்த கள்ளச் சிரிப்பை வேறெந்த நேரத்திலும் நான் பார்த்ததில்லை. பிறகு ரேடியோ அந்த இடத்துக்கு வந்தது, அதிலும் இலங்கை வானொலி. அதற்குப் பின் தொலைக்காட்சித் தொடர். தொடர் பார்க்கும் பெண்களைக் கேலி செய்யாத பத்திரிகை இல்லை. காய் நறுக்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் பார்ப்பதற்கு வாகாக, ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லும் கதைகளை அவர்கள் பார்த்தார்கள். முழு நேரத்தைக் கையில் கொடுக்காமல், கிடைத்த துண்டு நேரத்தில் என்ன ரசித்தாய் என்று கேலி செய்வது அநியாயம். தமிழ்நாட்டில் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் வந்தபோது அதை வேலைக்குப் போகிறவர்களுக்கான சலுகையாகவே பலர் பேசினார்கள். கோயிலுக்கும் கடற்கரைக்கும் அக்கா வீட்டுக்கும் யாரிடமும் காசு கேட்காமல் ஏறிப் போகலாம் என்பதை ஒரு கேளிக்கைத் திட்டமாகவும் நான் எண்ணுகிறேன். அதைச் சொல்லிப் பெருமைப்பட அரசுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம்.

கூச்சத்துக்குக் காரணம் உண்டு. நம் பெரியவர்களுக்குக் கேளிக்கை மேல் எப்போதும் ஒரு சந்தேகம். ராஜாஜியும் பெரியாரும் பொதுவாழ்வில் எத்தனையோ விஷயத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள். சினிமாவை ஆகாது என்று சொல்வதில் இருவரும் ஒரே கட்சி. அண்ணா அதற்கு நேர்மாறாக, கேளிக்கையைப் பள்ளிக்கூடமாக்கினார். 'வேலைக்காரி' 1949-இல், கருணாநிதியின் வசனத்தில் 'பராசக்தி' 1952-இல். அந்தப் படங்களால் தமிழ்நாடு மாறியது உண்மை. ஆனால் கேளிக்கைக்கு ஏதாவது ஒரு பயன் சொல்லியே ஆக வேண்டும் என்ற பழக்கமும் அங்கிருந்து கெட்டிப்பட்டது. குழந்தை பாண்டி ஆடினால் கணக்கு வரும், சதுரங்கம் ஆடினால் மூளை வளரும் என்கிறோம். ஆடினால் சந்தோஷமாக இருக்கும் என்று சொன்னால் போதாது போலிருக்கிறது.

இனி வரம்புக்கு வருகிறேன். வள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே கொடுத்தார். கள்ளுண்ணாமைக்கு அடுத்தது சூது, அதற்கு அடுத்தது மருந்து. அடுக்கியவர் யாராக இருந்தாலும் குறும்புக்காரர். சூதில் வெல்வதும் தூண்டில் இரையை மீன் விழுங்குவது மாதிரிதான் என்கிறார் வள்ளுவர். இந்தக் குறளில் அவர் வென்றவனைப் பற்றிக் கவலைப்படுவதைக் கவனிக்க வேண்டும். தோற்றவன் எழுந்து போக ஒரு வாய்ப்பாவது உண்டு. வென்றவன் உட்கார்ந்தே இருப்பான்.

1968-இல் தமிழ்நாடு அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். அப்போது குலுக்கலுக்கு நாள் இருந்தது. சீட்டை வாங்கிக் காலண்டர் பின்னால் செருகிவைத்துக் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பில் வீடு கட்டி, மகளுக்குக் கல்யாணம் செய்து, மிச்சப் பணத்தில் கார் வாங்கியவர்கள் ஏராளம். பிறகு வெளிமாநிலச் சீட்டுகள் குவிந்தன, ஒரு நாளிலேயே பல குலுக்கல் என்றாயிற்று. காத்திருப்பு சுருங்கச் சுருங்கக் கனவு போய் நடுக்கம் மிஞ்சியது. அன்றாடக் கூலி மாலைக்குள் பெட்டிக்கடையில் கரைந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு மொத்தமாகத் தடை செய்தது. அந்தத் தடையை நான் ஆதரித்தவன், இன்றும் ஆதரிக்கிறேன்.

அதே நோய் கைப்பேசிக்குள் ரம்மியாகத் திரும்பி வந்தபோது சட்டம் தடுமாறியது. ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் 1967-இலேயே சொல்லியிருந்தது. வீட்டு மொட்டைமாடியில் மாமன் மச்சான் ஆடும் ரம்மிக்கு அது சரிதான். தமிழ்நாட்டின் 2021 தடைச் சட்டத்தை உயர்நீதிமன்றம் அந்த ஆண்டே ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு புதுச்சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் அதன் தடையிலிருந்து 2023 நவம்பரில் தப்பின. நீதிமன்றம் வரை நடந்த வாதமெல்லாம் திறமையா அதிர்ஷ்டமா என்பதில். ஊரில் சீட்டாட்டம் எப்படி முடியும் என்று யோசித்தால் வேறு வித்தியாசம் தெரியும். நாலு பேரில் ஒருவருக்குத் தூக்கம் வரும், ஒருவர் மனைவி வந்து கூப்பிடுவார், தோற்றவர் கோபித்துக்கொண்டு போவார், விளக்கை அணைக்கச் சொல்லி வீட்டுக்காரர் கத்துவார். கைப்பேசியில் எதிரில் இருப்பவர் தூங்கினால் உடனே வேறொருவர். அங்கே அழைக்க ஆளில்லை, கோபிக்க முகமில்லை.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு இணைய விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதி ஒன்று இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது: பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நிற்க வேண்டும். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் விதியை ஏற்றது. மனைவியின் குரலும் பக்கத்து வீட்டுக்காரரின் கத்தலும் செய்த வேலையை அரசிதழ் செய்ய வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுக்கவே தடை செய்துவிட்டது.

பணம் போகாத ஆட்டத்துக்கு, திரையை இழுத்துக்கொண்டே இருப்பதற்கு, அப்படி ஒரு தடை இல்லை. இணையப் பக்கம் ஒருகாலத்தில் அடியில் போய் நிற்கும். 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும்படி 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். ஒரு நிமிடக் காணொளிகளில் சில மிக நன்றாகவே இருக்கின்றன. கிராமத்துப் பையன்கள் செய்யும் நகைச்சுவையில் பாதியைச் சினிமா நெருங்க முடியாது. குறை உள்ளே இருப்பதில் இல்லை. இருநூறு பார்த்துவிட்டுப் படுத்தவரிடம் இரண்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் யோசிக்கிறார். நானும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் 'சூது துகில்' கூத்து பார்க்கப் போயிருந்தேன். இரண்டு மணிக்கு மேல் பாய்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். தூங்காத பையன்களின் முகத்தில் கைப்பேசி வெளிச்சம். தருமன் நாட்டை வைத்து ஆடப்போகிறான். கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, ஒரு பையனைக் கைகாட்டி, "அண்ணே, நீங்க அதுல எதை வச்சு ஆடறீங்க?" என்றான். தூங்கியவர்களும் எழுந்து சிரித்தார்கள். பையன் கைப்பேசியைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். திரௌபதியைப் பந்தயம் வைக்கும் வரை எடுக்கவில்லை, பிறகு எடுத்தான், மறுபடி வைத்தான். வெளுத்ததும் மங்களம் பாடினார்கள். துச்சாதனனாக ஆடியவர் கிரீடத்தைக் கழற்றிவிட்டு அடிபம்பில் முகம் கழுவினார். சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி அவரிடம், "அடுத்த வருசமும் நீதானே வர்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.